நான்காவது துளை

நாற்பது மைலில் ஆரம்பிக்கும்.
வலது பின்கதவுக்குள்
தகர டப்பாவில் போட்ட ஒற்றைப் பட்டாணி:
டக். டக டக். டக்.
ஐம்பத்தைந்தைத் தாண்டினால் நின்றுவிடும்.
சட்டம் அனுமதிப்பது ஐம்பத்தைந்து.
அதனால் சாகினா போகிற வழியெல்லாம்
ஐம்பத்தாறில் போனோம்,
போலீஸைப் பார்த்துக்கொண்டே.

தொழிலாளர் தள்ளுபடியில் வாங்கிய புது வண்டி.
தாளில் அதன் நிறம் 'இலையுதிர்காலச் செம்பு'.
வீட்டு வாசலில் வெறும் பழுப்பு.

முதல் பனியிலேயே ஹீட்டர் குமிழ்
எம்மெட்டின் கையோடு வந்துவிட்டது.
டேஷ்போர்டு அறையில் குறடு ஒன்று குடியேறியது.
குளிருதா, குறடை எடு.

மரம் மாதிரி அச்சடித்த ஸ்டிக்கர்
ஓரம் உரிந்து சுருண்டது.
அடியில் சாம்பல் பிளாஸ்டிக்,
குளிக்கும்போது பார்க்கப்பட்டவர் போல.

இரண்டாம் வருஷம் கூரைத் துணி தொய்ந்து
ஷெல்பியின் தலையில் உட்கார்ந்தது.
நூற்று நாற்பது குண்டூசி குத்தினேன்.
இரவில் எதிர்வண்டி வெளிச்சம் படும்போது
நட்சத்திரம் மாதிரி இருந்தது
என்று சொல்லத்தான் ஆசை.
குண்டூசி மாதிரி இருந்தது.

பிறகு மாமியார் இறந்தார்.
இறுதி ஊர்வலத்தில் நாங்கள் நான்காவது வண்டி.
கல்லறைக்கு அரை மைல் இருக்கையில்
எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து
வண்டி அடங்கிப்போனது.
பின்னால் வந்த பதினோரு வண்டிகளும்
இது ஏதோ மரியாதை என்று நினைத்து நின்றன.
சிலர் தொப்பியைக்கூடக் கழற்றினார்கள்.
மாமியார் மட்டும் போய்க்கொண்டே இருந்தார்.

எங்களை ஏற்றிக்கொண்டது எதிர்வீட்டு ஆர்லீன் டீக்ஸ்ட்ரா.
ஜப்பான் வண்டி.
அதை ஆலை வளாகத்தில் நிறுத்தக் கூடாது என்று
மட்டை பிடித்துக் கத்தியவர்களில் நானும் ஒருத்தி.
கதவைச் சாத்தினேன்.
தப்.
அவ்வளவுதான். அதன்பின் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுத்தான் அழுதேன்.
எம்மெட் தன் அம்மாவுக்காக என்று நினைத்து
என் கையைப் பிடித்துக்கொண்டான்.
நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

இதைச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்:
அந்த ஆலையில் பதினாறாம் நிலையம் என்னுடையது.
வலது பின்கதவு, உள்பலகை.
ஐம்பத்தெட்டு வினாடிக்கு ஒரு கதவு, நான்கு திருகு.
ஒரு செவ்வாய்க்கிழமை
டை கட்டிய பையன் ஒருவன் கடிகாரத்தோடு வந்து
என் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.
மறுவாரம் மூன்று திருகு.
ஒரு கதவுக்கு மூன்று சென்ட் லாபம்.
மிச்சமான வினாடிகளில்
விளிம்பு ரப்பரும் என் வேலை.
'ஆடும்' என்றேன் ஹாலோரனிடம்.
'ஆடட்டுமே, நீயா ஓட்டப்போகிறாய்?' என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, ஷெல்பி தூங்கும் நேரம்,
கராஜில் பலகையைக் கழற்றினேன்.
உட்புறம் நீல மெழுகுப் பென்சிலில்
என் பெயரின் இரண்டு எழுத்துகள்.
அவசரத்தில் எழுதியவை.
என் கையெழுத்து அவ்வளவு மோசம் என்று தெரியாது.
மேலே, இடது மூலையில்,
நான்காவது துளை அப்படியே இருந்தது.
அச்சை மாற்றச் செலவாகும் என்று
துளையை விட்டுவிட்டார்கள்.
திருகை மட்டும்தான் நிறுத்தினார்கள்.

காப்பி டப்பாவில் தேடி ஒன்றை எடுத்து
இறுக்கினேன். மணிக்கட்டு மறக்கவில்லை.

தனியாக எடுத்துப் போனேன்.
முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்தொன்று.
அமைதி.
ஹாலோரனின் வீட்டு ஜன்னலுக்குக் கீழே
ஹாரன் அடிக்கலாம் போலிருந்தது.
நாற்பத்து மூன்றில்
இடது பின்கதவிலிருந்து
டக்.

இடது பக்கம் பியூலாவின் நிலையம்.
திங்கட்கிழமை மதியம்
முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.
அவளும் அதே வண்டிதான், அதே தள்ளுபடிதான்.
நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்:
இடது பக்கம் அவளே சரிசெய்துவிட்டாளாம்.
இப்போது ஆடுவது
வலது பின்கதவு மட்டும்தானாம்.

உப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.