கலம் ஏழு

பென்னாகரம் சார்பதிவாளர் அலுவலகப் படிவம்
ஏழாம் கலத்தில் கேட்கிறது:
உடன்பங்குதாரரின் தற்போதைய முகவரி.

எழுதினேன்:
மாதேஸ்வரி, த/பெ பெரியமாது, ஏரியூர்.
தற்சமயம் பூமியிலிருந்து
இரண்டரை ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைய.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'வெளிநாடா?'
'நாடு இல்லைங்க. வெளி மட்டும்.'
'நேர்ல வரணும். இல்லன்னா அதிகாரப் பத்திரம்.
எத்தனை நாள் ஆகும்?'

படிவத்தின் முதுகில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
அவள் கலத்துக்கு
ஒளியின் ஐந்தில் ஒரு பங்கு வேகம்.
கிளம்பிப் பன்னிரண்டு வருடம்.
இன்றைக்குக் கேட்டால்
ஓடுகிறவளைத் துரத்திப் பிடிக்கக்
கேள்விக்கு மூன்று வருடம்,
பதில் திரும்ப இன்னொரு மூன்று.
டோக்கனை அதுவரை வைத்திருக்கலாமா?

அவர் சிரிக்கவில்லை.
'காணாமப் போனவங்கன்னு போட்டுடலாம்.
ஏழு வருஷம் தகவல் இல்லன்னா
சட்டப்படி இறந்த மாதிரிதான்.'

தகவல் இருக்கிறதே.
தகவல் மட்டும்தான் இருக்கிறது.

காலையில் ஒன்று வந்தது,
இரண்டு வருடம் வழியிலிருந்த கடிதம்.
'அண்ணா, எனக்கு எட்டு மாசம்.
பிறந்த பதினைஞ்சு நாளுக்குள்ள
பேரைப் பதியணுமாம்.
நீதான் சொல்லணும். சீக்கிரம்.'

சீக்கிரம்.
பேருந்தில் அந்த ஒரு சொல்லை
இண்டூர் தாண்டும்வரை
மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு இப்போது இரண்டு நடக்கும்.
ஏதோ ஒரு பெயருக்குத் திரும்பிப் பார்க்கும்.
என் பெயர் போய்ச் சேரும்போது ஐந்து வயது;
யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று
அக்கம்பக்கம் தேடும்.

எங்கள் ஆழ்துளைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப்
பல்லில் காவி.
எனக்கு, அவளுக்கு,
எழுத்தருக்கும் கூட; இப்போதுதான் கவனிக்கிறேன்,
பேசும்போது அவர் கை
வாய்ப்பக்கமே போகிறது.
கலத்தில் அவர்கள் குடிப்பது
அவர்கள் மூச்சும் வியர்வையும் வடிந்து
திரும்பிய தண்ணீர்.
கல்லைத் தொடாத தண்ணீர்.

பால்பல் எங்கேயும் வெள்ளைதான்.
ஆறு வயதில் முளைப்பதுதான் ஊர் சொல்லும்.

ஆறு!
விரல் விட்டு மறுபடி எண்ணினேன்.
இந்த ஒரு கேள்வி
தாமதமாகாது.

கணக்குக்குக் கீழேயே எழுதத் தொடங்கினேன்:
மாதேசு, பேர் நீயே வெச்சிருப்ப.
நிலத்துல கொள்ளு போட்டிருக்கு,
கையெழுத்துக்கு அவசரமில்ல.
பிள்ளைக்கு முன்பல் விழுந்து முளைக்கையில
என்ன நிறம்னு பார்த்து எழுது.
இது வந்து சேர்ந்தும்
ஒரு வருஷம் இருக்கு உனக்கு.

'சார், அது ஆபீஸ் படிவம்'
என்றார் எழுத்தர்.

காசு கொடுத்து
இன்னொன்று வாங்கினேன்.