டச் பார்க்கிற வேலை

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
நாலடி அகலக் கடை.
திரை மாற்றினால் டச் பார்க்க வேண்டும்,
டச் பார்க்க விளையாடினால் போதும்.
இந்த மாதம் மட்டும் பதினொரு கேம்.
ஒன்றும் என்னுடையதில்லை.
அபிப்பிராயங்கள் மட்டும் என்னுடையவை,
கேட்டால் சொல்வேன்,
கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பாண்டிருப்பு கோகுலராஜின் மீன்பிடிக் கேம்
சுத்த ஏமாற்று.
தூண்டில் போட்டு மூன்று எண்ண முதல்
பாரை, சூரை, பெயர் தெரியாத நீல மீன்.
வெடில் இல்லை, செதில் இல்லை.
நாலு நாள் கடலில் கிடந்து
ஐஸ் காசுக்கும் காணாமல் கரைக்கு வந்த மனிசன்
வள்ளத்து நிழலில் இருந்து இதைத்தான் ஆடுகிறார்.
"இதிலயாவது படட்டுமே, புள்ள."
சரி,
ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடலாம்.

சம்மாந்துறை ஜெஸீமா உம்மாவின் போனில் வயல்.
விதைத்து நாலு மணித்தியாலத்தில் வெட்டு.
உரத்துக்கு வரிசை இல்லை,
வாய்க்காலில் சண்டை இல்லை.
முப்பது காசு கொடுத்து வேலி வாங்கினேன்,
எதற்கென்று விளங்கவில்லை, ஒன்றும் வரவில்லை.
யானை வராத வயலை
அம்பாறையில் யார் நம்புவது?
கோழிகள் மட்டும் அருமை.
ஒவ்வொரு கோழிக்கும்
ஒரு மருமகளின் பெயர் வைத்திருக்கிறா.
முட்டையிடாத ஒன்றைக் கூட்டுக்கு வெளியே விட்டிருக்கிறா.

கார் ஓட்டம்:
இரவு எட்டு மணிக்குப் பெரியநீலாவணைக்கு
ஸ்கூட்டியில் போகிறவள் சொல்கிறேன்,
நடு ரோட்டில் மாடு படுத்திராத ஓட்டமெல்லாம்
ஒரு ஓட்டமா?

நிறக் கற்களை மும்மூன்றாய்ச் சேர்ப்பது பற்றி
சொல்ல ஒன்றுமில்லை.
டச் பார்க்க அதைவிட நல்லது கிடையாது:
மூலை வரைக்கும் விரல் போகும்,
மூளை வரைக்கும் ஒன்றும் போகாது.

பேய்க் கேமின் நடுவில் கரண்ட் போனது.
அதே நேரம் பார்த்து
றமீஸ் காக்கா ஷட்டரைத் தட்டினார்.
கத்தியது அவரா நானா என்பதில்
இன்னும் வழக்கு நடக்கிறது.

பெடியன்கள் கொண்டுவரும் போனில் பாதிக்கு மேல்
தீவில் நூறு பேர் இறங்கி
ஒருவன் மிஞ்சும்வரை சுடுவது.
காட்சி அற்புதம், ஒத்துக்கொள்கிறேன்.
புல் தனித்தனியாய் அசைகிறது.
சுட்டால் சுவரில் ஓட்டை விழுகிறது.
நான் துவக்கைத் தாழ்த்தி
ஓட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.
இவ்வளவு வட்டமாய் இராது.
எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புச் சுவர்,
சிமெந்து பூசியும் தெரிந்தவை,
ஓரம் பிய்ந்து
அதற்குள்
பின்னாலிருந்து எவனோ சுட்டுவிட்டான்.
எட்டாவது இடம்.

மறுகா, மருதமுனை றிஸ்மினுடையது.
ஓ.எல். எழுதிவிட்டுச் சும்மா இருக்கிற பெடியன்,
கண்ணாடி சிலந்தி வலையாய் நொறுங்கிய போன்.
இருட்டில் ஒரு சின்னப் பிள்ளை விளக்கோடு நடக்கிறாள்,
காற்று எந்தப் பக்கமும் வரும்,
நம் விரலால் சுடரை மறைத்துக்கொண்டு
கூடவே போக வேண்டும்.
அவ்வளவுதான் கேம்.
அறுபத்தோராவது பாலத்தில் நின்றிருந்தாள்.
டச் பார்க்கத்தான் தொட்டேன்.
தேத்தண்ணி ஆடை கட்டியது,
இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்,
நான் மூச்சுக்கூட மெதுவாய் விட்டேன்.
அக்கரையில் அவளை இறக்கியபோது
இந்த மாதத்தில் ஒரேயொரு முறை
கை தட்டினேன்.

அடுத்த நாள் வந்தான்.
புதுத் திரையைத் துடைத்தான், திறந்தான்,
கனநேரம் கதைக்கவில்லை.
"ஆர் இதைத் தாண்டின?"

"டச் பார்த்தனான், தம்பி."

"இதைத் தாண்டத்தான் அக்கா
ஸ்க்ரீன் மாத்தின."

ஐநூறு குறைக்கிறேன் என்றேன்.
முழுக் காசையும் எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

இப்போது டச் பார்ப்பது கல்குலேற்றரில்.
ஒன்றிலிருந்து ஒன்பது வரை,
பிறகு பூச்சியம், பிறகு சமன்.
கேம் என்று பார்த்தால்
மோசமில்லை.