பத்து மில்லிமீட்டர்

எஸ்.பி. ரோட்டில் மழை நின்றதும்
கடைக்குக் கடை பிளாஸ்டிக் தாளை உதறுகிறார்கள்.
சொட்டுகிற ஒயர்களுக்குக் கீழே குனிந்து
பவர்லாலின் கடைக்குள் நுழைகிறேன்.
டிரில் விற்பவருக்கு இப்படியொரு பெயரா என்று
சிரித்தவர்களில் நான் எத்தனையாவதோ.

பேட்டரியில் ஓடுகிற ஹாம்மர் டிரில் வேண்டும்.
"எத்தனை மாடி கட்டுறீங்க மேடம்?"
மாடி இல்லை. பாறை.
"குவாரியா?"
இல்லை, ஏறுவதற்கு. போல்ட் அடிக்க.
கால்குலேட்டரை ஓரமாக நகர்த்திவிட்டு
முதன்முறையாக என்னைப் பார்க்கிறார்.

கனகபுரா சாலையில் போய் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
அதற்கு மேல் சொல்லமாட்டேன்,
சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்துவிடும்.
போன பிப்ரவரியில் அந்தப் பாறையில்
இரவல் டிரில் ஆறாவது துளையில் செத்தது.
பாதித் துளை. பல் குத்தலாம், உயிர் தொங்காது.
கடைசி போல்ட் காலுக்குக் கீழே நான்கு மீட்டர்.
தீப்பெட்டி கனமுள்ள விளிம்பில் ஒரு கொக்கி,
அதில் என் ஐம்பத்தெட்டு கிலோவும்
செத்ததின் நான்கு கிலோவும்.
"என்ன ஆச்சு?" என்று கீழிருந்து லவீனா.
சார்ஜ் போச்சு என்று சொல்ல
வாயில் எச்சில் இல்லை.
மிச்சத்தைக் கை உளியால் குடைந்தேன், நாற்பது நிமிடம்.
கெண்டைக்கால் தானாகத் தையல் மிஷின் மிதித்தது.

மேசையில் இப்போது இரண்டு.
பச்சை, மூன்றரை கிலோ, கழுத்து தடித்தது.
"ஜூல் ஜாஸ்தி மேடம், கான்கிரீட் எல்லாம் வெண்ணெய்."
கான்கிரீட் நேற்றுப் பிறந்தது.
எங்கள் பாறையின் வயதைப் போட்டால்
பூஜ்ஜியங்களே அவர் கால்குலேட்டரை அடைத்துவிடும்.

கல்லில் போட்டுக் காட்டுங்கள் என்கிறேன்.
கடைப்பையன் முனிராஜு தெருவில் இறங்கி
யாரோ சமையல் மேடைக்கு அறுத்து எறிந்த
கருங்கல் துண்டோடு வருகிறான்.
மேல் ரேக்கில் வைத்துப் பிடித்துக்கொள் என்கிறேன்.
ஒற்றைக்காலில் நிற்கிறேன்,
இடக்கை இரும்புச் சட்டத்தில்,
வலக்கை தலைக்கு மேலே.
பல்பு வாங்க வந்தவர் போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்.

பச்சை: முப்பத்தெட்டு நொடி.
துளை சுத்தம். ஆனால் இருபதாவது நொடியிலேயே
தோள் விடுப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டது.
சின்னது, இரண்டேகால் கிலோ: அறுபத்தொரு நொடி.
கை எதுவும் சொல்லவில்லை.
சும்மா இருக்கிற கைதான் எனக்கு வேண்டும்,
அதற்கு வேறு வேலை இருக்கிறது.

ஒரு சார்ஜுக்கு எத்தனை ஓட்டை?
பவர்லால் இருபது என்கிறார்.
கல்லை இறக்கிக்கொண்டே முனிராஜு,
"பத்துன்னு வச்சுக்கோங்கக்கா."
அவன் நகக்கண்ணில் கல்மாவு.
பத்து என்றே எழுதிக்கொள்கிறேன்.

லவீனாவுக்கு மிஷினே பிடிக்காது.
கையால் அடித்தால்
இங்கே வேண்டுமா வேண்டாமா என்று
ஓட்டை முடியும்வரை யோசிக்கலாம்,
டிரில் இருந்தால் நீ படிக்கட்டு கட்டிவிடுவாய் என்பாள்.
அவளுக்குப் பதில் என்னிடம் இல்லை.
போட்ட ஓட்டையைப் பாறை மூடிக்கொள்ளாது.
கொக்கியில் தொங்கியதும் அவள் இல்லை.

இன்னொரு பேட்டரியும் போடுங்கள் என்கிறேன்.
அது அவளிடம் இருக்கும். தரையில்.
பத்து முடிந்தால் நான் கத்த வேண்டும்,
அவள் கயிற்றில் கட்டி அனுப்ப வேண்டும்.
கத்துவதற்கு முன் ஒருதரம்
கீழே எண்ணிப் பார்ப்பேன், இல்லையா?

கார்டு இரண்டாவது தேய்ப்பில்தான் ஏறுகிறது.
முனிராஜு சுண்டுவிரலைத் துளையில் விட்டுப் பார்க்கிறான்,
நகத்தோடு நின்றுவிடுகிறது.
"இதுலயா நீங்க தொங்குவீங்க?"
உள்ளே தூசி இல்லாமல் ஊதினால்.
அவன் கன்னம் உப்ப ஊதுகிறான்.
வெள்ளை மாவு கிளம்பி, மெதுவாக,
முதலாளியின் டீயில் இறங்குகிறது.