ஏழாம் பிரிவு

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. ஏசி ஒழுகுகிறது,
கீழே ஒரு பெயின்ற் வாளி.
மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர்.
அந்தப் பக்கம் ஒரு லப்ரொப்,
அதற்குள் ரொறன்ரோவின் விடிகாலையில்
ஜம்பர் போட்டபடி பிரணவரூபன்.

"ஏழாம் பிரிவை வாசியுங்கோ."
மயூரதி வாசித்தாள்:
இப்போதுள்ளதும் இனிமேல் கண்டுபிடிக்கப்படவுள்ளதுமான
சகல ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், நிரந்தரமாக.

"செவ்வாயில எத்தினை பேர் அண்ணை பாக்கினம்?"
ஜெபநேசன் கேட்டான்.
லைன் பிழையாக்கும் என்று
இன்னொருக்காலும் கேட்டான்.

நாற்பத்தொரு பகுதி எழுதிக் கொடுத்தாயிற்று.
பகுதிக்குப் பன்னிரண்டாயிரம், ஒரேதரம்.
ஒஸ்லோவில் கோப்பை கழுவி முடித்தவன் பார்க்கிறான்,
பாரிஸின் கடைசி ரயிலில் ஒருத்தி
விட்ட இடத்திலிருந்து பார்க்கிறாள்.
நடுவிலே வீட்டுக்கடன் விளம்பரம்.
ஒவ்வொரு முறையும் எங்கேயோ
ஒரு சில்லறை விழுகிறது.
இங்கே சத்தம் கேட்பதில்லை.

"நூற்றுக்கு மூண்டு" என்றோம்.
"டிஜிற்றல் இன்னும் சின்னப்பிள்ளை,
என்ன வருமெண்டு ஆருக்குத் தெரியும்" என்றார்.
"சின்னப்பிள்ளைக்கு ஏன் அண்ணை
பிரபஞ்சத்தை எழுதி வாங்கிறியள்?"
இது மயூரதி.
வாய் பாதி திறந்தபடி அவர் உறைந்துபோனார்.
இணைப்பா, பதிலா, தெரியவில்லை.

அன்றிலிருந்து எழுதவில்லை.
நாற்பத்திரண்டாம் பகுதியில் பவளராணி
அரியாலை வீட்டுப் படலையில் கைவைத்து நிற்கிறாள்.
உள்ளே இருப்பது லீசிங்காரனா, தமக்கையா,
எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும்.

பத்தாம் நாள் டிலக்சனா கோல் எடுத்தாள்,
பவளராணியாக நடிப்பவள்.
"படலையைத் திறக்கிறனோ இல்லையோ,
அதையாவது சொல்லுங்கோ அக்கா.
எனக்கு நாட்சம்பளம்.
நிண்டுகொண்டிருந்தால் காசில்லை."
என்னிடம் அதற்கு வசனம் இருக்கவில்லை.
சாப்பிட்டியா என்று கேட்டு வைத்தேன்.

பிறகு, மெசின் எழுதிய நாற்பத்திரண்டு வந்ததாம்.
அதில் அவள் கேட்டைத் திறந்து
"உக்காருங்கம்மா" என்கிறாளாம்.
டிலக்சனா அதை நடிக்கவில்லை.
எங்களுக்காக இல்லை என்றும் சொன்னாள்:
"அரியாலையில ஆரக்கா அப்பிடிக் கதைக்கினம்?"

பதினெட்டாம் நாள் புதிய வரைபு.
பிரபஞ்சத்தை வெட்டி உலகம் என்று போட்டிருந்தார்கள்.
நூற்றுக்கு என்ற சொல்லுக்குப் பிறகு
வெறும் கோடு.
வாளி நிரம்பியிருந்தது, கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன்.
"சந்திரன் இனி எங்கட" என்றான் ஜெபநேசன்.
மயூரதி பேனை மூடியைக் கழற்றவில்லை.