ஆறாவது கேமரா

ஊர்ப்பெயர் கசப்.
கோட்டை வாசலுக்கு மேலே ஒரு துளை.
ஏறி வந்தவன் தலையில்
கொதிக்கக் கொதிக்கப் பேரீச்சம்பாகு ஊற்றினார்களாம்.
இனிப்பில் வெந்தவர்கள் எத்தனை பேர் என்று
பலகையில் இல்லை.

நடுவில் நிற்கும் உருண்டைக் கோபுரம்தான் மூத்தது.
அதற்குக் கல் எறியத் தெரிந்தால் போதும்.
கப்பலில் பீரங்கி வந்ததும்
சுற்றிலும் மதில் எழுந்தது,
மதிலுக்கும் பீரங்கி வந்தது,
சன்னல்கள் ஒடுங்கி ஒடுங்கி
ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் இடம்விட்டன.
அந்தச் சந்து வழியேதான் இன்று
நான் கேபிள் இழுத்தேன்.

ஏணியைப் பிடித்திருந்த ரிஸ்கான்
"மெதுவா" என்றான்.
பழைய சுண்ணாம்பு ஒரு விரற்கடை பெயர்ந்தாலும்
சம்பளத்தில் பிடிப்பார்கள்.

கடல் முன்பு படியைத் தொட்டதாம்.
இப்போது சாலைக்கும் பெட்ரோல் பங்குக்கும் அப்பால்
எங்கோ நிற்கிறது,
சலித்துப்போன எதிரி.

மாலையில் மானிட்டர் உயிர்த்தது.
ஆறாவது கேமரா கடலைப் பார்க்கவில்லை;
ஒப்பந்தத்தில் டிக்கெட் கவுண்டர் என்று இருந்தது.
யாரோ ஒருவன் முதுகைக் காட்டி
பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறான்.
தோளில் ஏணியை ஏற்றியபோதுதான்
ரிஸ்கான் என்று தெரிந்தது.

முப்பது நாள் இருப்பான்.
பிறகு தானாக அழிந்துவிடும்படி
நான்தான் அமைத்தேன்.