யாரும் கீழே நிற்கிறார்களா

குரிக்கோவில் ஆகஸ்ட் என்றால் குளிர்.
செர்ரி மரங்கள் கருங்குச்சிகளாய் வரிசை கட்டி நிற்கும்.
கிடங்குக்குள் எங்கள் பழைய மஞ்சள் ஃபோர்க்லிஃப்ட்
தரையில் எண்ணெயால் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தது,
நாளுக்கு நாள் கொஞ்சம் பெரிய தேசமாக.

"மூன்று இடத்தில் விலை கேள், ஒத்தீலியா,
குறைந்ததை எடு" என்றார் முதலாளி.
போன டிசம்பர் அவருக்கு மறந்துவிட்டது.
எனக்கு மறக்காது.
சங்கிலி அறுந்த இரவு.
பதினெட்டு பேலட் செர்ரி வெளியே.
காம்புகள் பச்சை இழந்து பழுப்பாவதை
விளக்கடியில் நின்று பார்த்தேன்.
"இதோ வந்துவிட்டேன்" என்ற மெக்கானிக்
மறுநாள் மதியம் வந்தான்,
சாப்பிட்டுவிட்டு.

முதல் கடை ரன்காகுவாவில், நெடுஞ்சாலை ஓரம்.
கண்ணாடிச் சுவர். காபி நன்றாக இருந்தது.
இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாத வண்டிகள்
மணமேடை மாப்பிள்ளைகளைப் போல விறைத்து நின்றன.
பாஸ்தியான் என்ற இளைஞர்
தூக்கும் எடை சொன்னார், உயரம் சொன்னார்,
தவணையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார்.
உதிரிபாக அறையைப் பார்க்கலாமா என்றேன்.
அது சாந்தியாகோவில் இருக்கிறதாம்.

தால்காவில் வாசலிலேயே சேறு, ஒரு நொண்டி நாய்.
கிரிசெல்டா மன்ரீகேஸ் கை குலுக்குமுன்
தன் கையைக் கால்சட்டையில் துடைத்தாள்.
அலமாரி முழுக்கச் சீல்கள், சக்கரங்கள், சங்கிலிகள்,
அட்டைகளில் கோணல் கையெழுத்து.
விலை எட்டு சதவீதம் கூடுதல்.
ஏன் என்று கேட்டேன்.
"ரெண்டு மெக்கானிக்குக்கு வருஷம் பூராவும் சம்பளம் தர்றேன்,
வேலை இல்லாத மாசத்திலும்."
அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாமவர் தானே கிடங்குக்கு வந்தார்.
எதைக் கேட்டாலும் ஆகும் என்றார்.
எரிவாயு வண்டி? ஆகும். பேட்டரி வண்டி? அதுவும் ஆகும்.
மூடிய அறையில், பழத்தோடு, புகை ஆகாதே
என்றான் எங்கள் ஓட்டுநர் ஹசிந்தோ.
அதற்கும் ஆகும் என்றார்.

ஹசிந்தோவை யாரும் கேட்பதில்லை.
எட்டு மணி நேரம் உட்காருபவன் அவன்,
அதில் பாதி நேரம் பின்னோக்கி.
மூன்று வண்டிகளையும் வரவழைத்து ஓட்டச் சொன்னேன்.
முள்களை அவன் பார்க்கவே இல்லை.
ஒவ்வொன்றிலும் ஏறிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.
தால்கா வண்டியில் மட்டும்
முதுகைத் தேய்க்காமல் இறங்கினான்.

அப்போதும் எனக்குத் தீரவில்லை.
காகிதம் எதையும் தாங்கும்,
இருபத்து நான்கு மணி நேரச் சேவையையும்.

ஞாயிறு அதிகாலை மூன்று மணி.
சமையலறையில் கம்பளி சுற்றிக்கொண்டு
மூன்று எண்களையும் அழைத்தேன்.
ரன்காகுவாவில் பியானோ வாசித்தது,
பதினோரு நிமிடம், பிறகு தானே அறுந்தது.
எல்லாம் ஆகும் என்றவர் எடுக்கவே இல்லை.
மூன்றாவது எண்ணில் தூக்கம் கனத்த ஒரு குரல்,
பின்னால் எங்கோ குழந்தை அழுகை.
"தூக்கு மரம் நின்றுவிட்டது" என்று பொய் சொன்னேன்.
ஒப்பந்த எண் கேட்கவில்லை அவன். ஊர் கேட்கவில்லை.
"பேலட் மேலே இருக்கா?
யாரும் கீழே நிற்கிறாங்களா?
முதல்ல அவங்களை விலகச் சொல்லுங்க."

யாரும் இல்லை, சும்மா சோதித்தேன் என்றேன்.
வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்தான்.
திங்கட்கிழமை கையெழுத்திட்டேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.
டிசம்பரில், சான் அந்தோனியோவில் கப்பல் காத்திருக்க,
புது வண்டியும் நடு இரவில் முரண்டு பிடித்தது.
இரண்டு மணி நேரத்தில் வருவோம் என்பது ஒப்பந்தம்.
இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனது.
சட்டைக்குள் தூங்கும் உடையோடு வந்தவன்
என் குரலை அடையாளம் கண்டு முறைத்தான்.
நாற்பது நிமிடத்தைக் குறித்துவைத்தேன்.
கிரிசெல்டா அரை மணி நேரம் வாதாடி
அடுத்த பில்லில் கழித்தாள்.

பழைய எண்ணெய்க் கறை தரையில் அப்படியே இருக்கிறது.
"கறாராகப் பேரம் பேசி வாங்கினோம்" என்று
விருந்தாளிகளிடம் முதலாளி சொல்லும்போது
ஹசிந்தோ அந்தத் தேசத்தின் மேல்
பின்னோக்கிப் போய்க்கொண்டிருப்பான்,
கழுத்தை முழுதாகத் திருப்பி.