மூன்று கிலோ

துரின் நகரம், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று, பிப்ரவரி.
கரியடுப்பு சூட்டைவிடப் புகையைத்தான் அதிகம் தருகிறது.
செகொண்டினா வலக்கையை மேசைமேல் நீட்டியிருக்கிறாள்.
மணிக்கட்டைச் சுற்றித் தோல்வார்.
சுட்டுவிரலும் மோதிரவிரலும் பித்தளைக் குழாய்களுக்குள்.
நடுவிரல் மட்டும் வெளியே;
அதில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில்
மூன்று கிலோ.

"இரண்டு நொடிக்கு ஒருமுறை மடக்கு.
முடியாதபோது நீ சொல்ல வேண்டாம், விரலே சொல்லும்"
என்கிறார் உதவியாளர் எராஸ்மோ.
தாளமானி தட்டத் தொடங்குகிறது.
புகையேற்றிய தாளில் ஊசி
இழுப்புக்கு ஒன்றாக
வெள்ளைக் கோடு கீறுகிறது.

மாலைக்கு இரண்டு லீரா.
ஜூனில், வெர்செல்லி நெல்வயலில்,
முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்கக் களை பறித்தால்
இதைவிடக் குறைவு.
கொசுக்கடி இலவசம்.

உள்ளே நடப்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும்,
பின்னால் பிறந்தேன் என்ற ஒரே தகுதியால்.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை,
முன்கையில் இருக்கிறது.
எராஸ்மோ கட்டுவதற்கு முன்பே
அவளுக்குள் ஒரு கயிறு இருந்தது.

மூளை ஒரு சொல் அனுப்புகிறது.
அது தண்டுவடம் இறங்கி, தோள் கடந்து, முழங்கை திரும்பி
தசையின் வாசலில் ஒரு துளியாகச் சிந்துகிறது.
மடை திறந்ததுபோல் நாருக்குள் கால்சியம்.
மெல்லிய இழையின் மூடாக்கு விலகுகிறது.
தடித்த இழையின் தலைகள் எட்டிப் பிடித்து,
குனிந்து, விட்டு,
ஓரெட்டு தள்ளி மறுபடி பிடிக்கின்றன.
களை பறிக்கும் வரிசையைப் பார்த்திருந்தால் புரியும்:
ஒருத்தி நிமிரும்போது இன்னொருத்தி குனிந்திருப்பாள்,
வரிசை ஒருபோதும் முழுதாக நிமிராது.

எந்த இழையும் சுருங்குவதில்லை.
ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழைகிறது,
அதைத்தான் சுருக்கம் என்கிறோம்.
தள்ளத் தெரியாது தசைக்கு.
கதவைத் தள்ளும்போதும் உள்ளே எங்கோ ஓர் இழுப்புதான்.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
கோடுகள் குட்டையாகின்றன.
அவள் பல்லைக் கடிக்கிறாள்.
யாரும் கேட்காமலே இடக்கை
மடியில் முட்டி மடக்கிக்கொள்கிறது, துணைக்கு.

எரிந்த ஆற்றலின் சாம்பலாய்ப் பாஸ்பேட் குவிகிறது.
கால்சியம் வரத் தயங்குகிறது.
வெளியே கசிந்த பொட்டாசியம்
வந்த சொல்லை வாசலிலேயே மழுக்குகிறது.
(லாக்டிக் அமிலம்தான் குற்றவாளி என்று
பின்னால் நெடுங்காலம் சொன்னார்கள்.
பாவம், அது பெரும்பாலும்
பக்கத்தில் நின்றிருந்தது, அவ்வளவுதான்.)

நாற்பத்து மூன்றில் விரல் நின்றது.

எராஸ்மோ ஈரப்பஞ்சு இரண்டை அவள் முன்கையில் பொருத்தி
மின்சாரம் விடுகிறார்.
விரல் எழுகிறது.
எடையோடு.
அவள் ஒன்றுமே செய்யவில்லை.

"இதை யார் தூக்கினது?"

அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"அப்படியானால் இதையும் எழுதுங்கள், ஐயா.
விரலில் இன்னும் மிச்சம் இருக்கிறது. களைத்தது நான்."
கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துவிட்டு,
"எங்கள் வயல் மேஸ்திரிக்கு மட்டும்
இதைக் காட்டிவிடாதீர்கள்."

எராஸ்மோ சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தாளுக்கு வார்னிஷ் பூசிக் காயவைத்தார்கள்.
மூலையில் எழுதினார்கள்: பெண், வயது இருபத்தாறு, ஏழாம் எண்.
தொலைவிலிருந்து பார்த்தால்
ஆல்ப்ஸ் மெல்ல இறங்கி
சமவெளியில் கரைவது போலிருந்தது.

பிடிப்பதற்கு அல்ல,
பிடித்ததை விடுவதற்கே அந்தத் தலைகளுக்கு
புதிதாய் ஒரு துளி ஆற்றல் வேண்டும்.
அது தீர்ந்தவர்களின் கைதான்
மரணத்தில் விறைத்துப்போகிறது.

செகொண்டினாவிடம் அது இருந்தது.
தோல்வார் அவிழ்ந்ததும் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.
காசை நீட்டியபோது வலக்கை மூடவில்லை.
இடக்கையால் வாங்கினாள்,
எண்ணிப் பார்த்தாள்,
ஐம்பத்திரண்டு படி இறங்கி
பனிக்குள் போனாள்.